காரின் விலையும் கிலோமீட்டரின் விலையும்

கோத்தகிரிக்குக் கீழே மேட்டுப்பாளையம் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. முன்பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்புகளும், கேரட் மூட்டை இறக்கிவிட்டு மலையேறி வந்த லாரிகளும் பிரேக் வேலைக்கு நிற்கும். பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய மாருதி எஸ்டீம், உள்ளே ரோல் கேஜ், அதாவது கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு, அடித்தது. ஒரு காலத்தில் அந்த வண்டியை ராலிகளில் ஓட்டிய அண்ணன்தான் கடைக்காரர். போன வாரம் அவரிடம், 2027-இல் உலக ராலி சாம்பியன்ஷிப்புக்குப் புது விதி வருகிறது, ஒரு காரின் விலை 3,45,000 யூரோவைத் தாண்டக் கூடாதாம் என்று சொன்னேன். நம் பணத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார்: “அது சரிங்க தம்பி, ஒரு கிலோமீட்டர் ஓட்ட எவ்வளவு ஆகும்னு போட்டிருக்காங்களா?”

செலவைக் குறைக்கிறோம் என்று நாற்பது வருடமாக ராலியில் கொண்டுவந்த விதிகள் பலவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்து அளந்து பார்த்துவிடலாம். எதற்குப் பலன் இருந்தது, எது ஏன் கைவிட்டது என்பது அப்போது தெளிவாகவே தெரிகிறது.

ராலி பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சர்க்யூட் பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒரே தடத்தைச் சுற்றிவரும். ராலியில் கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று சொல்லும் மூடிய சாலைத் துண்டுகளில் மட்டும் நேரம் எடுப்பார்கள். ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது அதே கார் பொதுச்சாலையில், நம்பர் பிளேட்டோடு, சாலை விதிப்படி போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் கோ-டிரைவர், முன்பே எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்து வரப்போகும் வளைவுகளை வாசிப்பார். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனிக்குள் ஏறியவர்களுக்கு, அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்று காதில் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தால் எவ்வளவு தைரியம் வரும் என்பது புரியும்.

இந்த அமைப்பிலேயே செலவும் ஒளிந்திருக்கிறது. சரளைக்கல் டயரைத் தின்கிறது. குழியில் இறங்கி ஏறுவதில் ஷாக் அப்சார்பர் சாகிறது. கியர்பாக்ஸைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் மெக்கானிக்குகள், லாரிகள், ஒத்திகைக்கு ஒரு கார், சோதனை ஓட்டம், கண்டம் விட்டுக் கண்டம் போகும் சரக்குக் கட்டணம், தங்கும் அறைகள். காரை வாங்குவது ஒரு நாள் செலவு. அதை ஓட்டுவது தினச்செலவு.

பழைய கதைக்குப் போவோம். 1982-இல் வந்த குரூப் பி விதியில் 200 கார்கள் செய்து காட்டினால் போதும், போட்டியில் இறக்கலாம். வேகம் கைமீறிப் போனது. 1986 மே மாதம் கார்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் அவருடைய கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் கார் எரிந்து இறந்தார்கள். அந்த வருடத்தோடு குரூப் பி முடிந்தது. 1987 முதல் குரூப் ஏ. இதில் ஐயாயிரம் கார்கள் தயாரித்திருக்க வேண்டும். பொதுமக்கள் வாங்கும் காரைத்தான் ராலியிலும் ஓட்ட வேண்டும் என்றாகிவிட்டால் காரும் அடங்கும், செலவும் அடங்கும் என்பது கணக்கு.

கணக்கு பாதிதான் சரியாக வந்தது. டர்போவும் நான்கு சக்கர இழுவையும் உள்ள காரை ஐயாயிரம் பேருக்கு விற்கத் தெரிந்த நிறுவனத்துக்கு இது லாபம். லான்சியா தன் டெல்டாவை வைத்து 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு வருடம் தயாரிப்பாளர் பட்டம் எடுத்தது. அப்படி ஒரு கார் கைவசம் இல்லாத நிறுவனம் வாசலிலேயே நின்றது. ராலி அணியின் கணக்குப் புத்தகத்தில் செலவு குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உண்மையான செலவு தொழிற்சாலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதைச் சரிசெய்ய 1997-இல் ‘வேர்ல்ட் ராலி கார்’ விதி வந்தது. சாதாரணமாக விற்கும் குடும்பக் காரை எடுத்துக்கொள்ளலாம். டர்போவையும் நான்கு சக்கர இழுவையையும் போட்டிக் காரில் மட்டும் பொருத்தினால் போதும். வாசல் அகலத் திறந்தது. 1999-இல் டொயோட்டா, ஃபோர்டு, சுபாரு, மிட்சுபிஷி, பெஷோ, சியட், ஸ்கோடா என்று ஏழு நிறுவனங்கள் மோதின. ராலியின் பொற்காலம் என்று பலர் சொல்வது இந்த வருடங்களைத்தான். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்படிச் செய்யும் கார்கள் கொஞ்சம்தான். ஒவ்வொரு பாகமும் கையால் கடைந்தது போல விலை ஏறியது. 2005 முடிவில் மிட்சுபிஷியும் பெஷோவும் கிளம்பின. 2008 டிசம்பரில், உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில், சுஸுகியும் சுபாருவும் அடுத்தடுத்து விலகின.

இந்த இடத்தில் டிஃபரன்ஷியலின் கதையைச் சொல்லியாக வேண்டும். விதிகள் எப்படித் தடம் மாறின என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் அது. மழைநாளில் சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றி, மற்றது அசையாமல் நிற்பதும் அதனால்தான். ராலிக் கார்களில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்றையும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயக்கினார்கள். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை போக வேண்டும் என்பதை வளைவுக்கு வளைவு அந்தப் பெட்டிகளே முடிவு செய்தன. அற்புதமான பொறியியல், அதற்கேற்ற விலை.

2006-இல் முன்னும் பின்னும் இருப்பவை மெக்கானிக்கலாக மட்டுமே இருக்கலாம் என்றார்கள். 2011-இல் 1.6 லிட்டர் இன்ஜினோடு புது விதி வந்தபோது நடு டிஃபரன்ஷியலையே எடுத்துவிட்டார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் கியர் மாற்றியும் போனது. பழையபடி கையால் கோலை இழுக்க வேண்டும். 2015-இல் விரல் கியர் திரும்பி வந்தது. 2017-இல் கம்ப்யூட்டர் நடு டிஃபரன்ஷியலும் திரும்பி வந்தது. கூடவே பெரிய இறக்கைகளும் 380 குதிரைத்திறனும். 2022-இல் விரல் கியரும் நடு டிஃபரன்ஷியலும் மறுபடி போய்விட்டன.

நீக்கும்போது செலவுக் குறைப்பு என்றார்கள், சேர்க்கும்போது ரசிகர்களுக்கான காட்சி என்றார்கள். இரண்டும் நியாயமான நோக்கங்களே. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கியர்பாக்ஸ் குப்பைக்குப் போய், புதிதாக ஒன்றை வரைந்து, கடைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். நீக்கிய பாகத்தில் மிச்சமான பணம் வங்கியில் தூங்குவதில்லை. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் மழைத்தண்ணீரை ஒரு கானில் அடைத்தால் அது அடுத்த வரிசைக்குள் வழி தேடிக்கொள்ளும். அதே மாதிரி டிஃபரன்ஷியலை எடுத்தால் பணம் ஷாக் அப்சார்பருக்கும், எடைக் குறைப்புக்கும், கூடுதல் சோதனைக்கும் ஓடும். ஜெயிக்க நினைக்கும் அணி கையில் இருக்கும் பட்ஜெட்டைச் செலவழித்தே தீரும்.

வோக்ஸ்வாகனை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் 2016 வரை நான்கு வருடமும் பட்டம் அவர்களுடையது. 2017 விதிக்காகப் புது போலோவை உருவாக்கிச் சோதித்தும் முடித்திருந்தார்கள். டீசல் புகை மோசடி விவகாரத்தில் நிறுவனமே ஆட்டம் கண்ட நேரம் அது. 2016 நவம்பரில் விலகுகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த 2017 கார் ஒரு உலக ராலியில்கூடத் தொழிற்சாலை அணியாக ஓடவே இல்லை.

பலன் தந்த விதிகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை, ஏனென்றால் புகைப்படத்தில் அவை தெரியாது. பாகத்தைத் தடை செய்யாமல் அளவைக் குறைத்த விதிகள் அவை. முன்பெல்லாம் பணக்கார அணிகள் ராலிக்கு முன் வாரக்கணக்கில் அந்த ஊர்ச் சாலைகளில் ஒத்திகை பார்ப்பார்கள். இப்போது ஒரு ஸ்டேஜுக்கு இரண்டு முறைதான், அதுவும் வேகக் கட்டுப்பாட்டோடு. முன்பு சாலையோரம் எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி ரிப்பேர் பார்க்கலாம். அதனால் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் துரத்தி ஓட வேன்கள், மெக்கானிக்குகள் வேண்டியிருந்தது. சஃபாரி ராலியில் காருக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்து, முன்னால் மாடு நிற்கிறதா லாரி வருகிறதா என்று சொல்லும். இன்றைக்கு ஒரே சர்வீஸ் பார்க், கடிகாரத்தை வைத்து அளந்த நேரம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் முத்திரை. இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

டயர் விஷயத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். முன்பு டயருக்குள் நுரை மாதிரி ஒரு பொருளை வைத்திருப்பார்கள். பஞ்சரானாலும் அது உப்பி டயரைத் தாங்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் போய்விடலாம். 2008-இல் எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர் என்று வந்தபோது அந்த நுரையையும் தடை செய்தார்கள். பஞ்சராகும் கார்கள் கூடின, புலம்பலும் கூடியது. ஆனால் நஷ்டம் எல்லாருக்கும் பொது. கல் எங்கே கிடக்கும், வளைவின் உள்ஓரத்தை எப்போது விட வேண்டும் என்று டயரைக் காப்பாற்றி ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு கேத்தியிலிருந்து கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் டிரைவர்களிடம் இந்தத் திறமையைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கை மிதிக்காமல் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்குவார்கள். அவர்களுக்குச் செலவைக் குறைப்பது என்பதே ஓட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு வெற்றி ஆர்5. 2013-இல் களத்துக்கு வந்த இந்த இரண்டாம் நிலைக் கார்களுக்கு ஆரம்பத்திலேயே 1,80,000 யூரோ என்று விலை வரம்பு வைத்தார்கள். இப்போது அதன் பெயர் ராலி2. விலை வரம்பு மட்டும் இருந்திருந்தால் இதுவும் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். காரைக் காப்பாற்றியது வேறு ஒரு விதி. பாகங்களை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் நினைத்தபோது மாற்ற முடியாது. ‘ஜோக்கர்’ என்று எண்ணிக் கொடுக்கும் சில வாய்ப்புகளுக்குள்தான் மேம்படுத்த வேண்டும். அதனால் இன்று வாங்கிய கார் அடுத்த வருடம் பழசாகிப்போவதில்லை. ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு இன்னொரு நாட்டுக்காரருக்கு விற்கலாம், அவர் இன்னொருவருக்கு. நல்ல மறுவிற்பனை விலை இருக்கும் வண்டிக்குத்தான் ஓட்டும் செலவு கட்டுப்படும். பழைய ஜீப் வாங்கி விற்பவர்களிடம் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

ஸ்கோடா, ஹூண்டாய், சிட்ரோயன், டொயோட்டா, ஃபோர்டு என்று பலரும் இந்த வகைக் காரை விற்கிறார்கள். ஃபோர்டுக்காகக் கார் செய்யும் எம்-ஸ்போர்ட் என்பது இங்கிலாந்தின் கம்பிரியாவில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனம். வாடிக்கையாளர்களுக்கு ராலிக் கார் விற்றே நிற்கும் அந்த நிறுவனத்தின் காரில்தான் செபாஸ்தியன் ஓஜியே 2017, 2018 இரண்டு வருடமும் உலகச் சாம்பியன் ஆனார். நம் ஊர் எம்.ஆர்.எஃப். ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பில் கால் வைக்க முடிந்ததும் ராலி2 கார்கள் இருந்ததால்தான். 2022-இல் ஸ்பெயின் ஓட்டுநர் எஃப்ரென் லரேனா எம்.ஆர்.எஃப். டயர் போட்ட ஸ்கோடா ஃபேபியாவில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். அந்தச் செய்தி வந்த அன்று கோத்தகிரி ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான்.

இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டே 2022-இல் மேல்நிலைக் கார்களில் ஹைப்ரிட் வைத்தார்கள். 100 கிலோவாட் மின்மோட்டார், 3.9 கிலோவாட்-மணி பேட்டரி. எல்லா அணிக்கும் ஒரே ஜெர்மன் நிறுவனத்திடமிருந்து, முத்திரை வைத்த பெட்டியாக. கார் நிறுவனங்களுக்கு மின்சாரத்தைக் காட்டியாக வேண்டிய காலம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியை அணி திறந்து பார்க்க முடியாது, பழுதானால் தயாரித்தவரிடமே அனுப்ப வேண்டும். விபத்தில் அடி வாங்கிய காரில் பாதுகாப்பு விளக்கு பச்சையாக எரிந்தால்தான் பாதையோரம் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல்கள் கை வைக்கலாம். அத்தனை மார்ஷலுக்கும் அதற்கெனப் பயிற்சி கொடுக்க வேண்டும். புது நிறுவனங்கள் வரும் என்ற எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை. டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்று இருந்த மூன்று மூன்றாகவே நின்றது.

2024-இல் நடந்ததுதான் எனக்கு ஆதங்கம். பிப்ரவரியில் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ., 2025 முதல் ஹைப்ரிட் கிடையாது, மேல்நிலைக் காரின் வேகம் குறையும், ராலி2 கார்களுக்கு வேகம் கூட்டும் பாகத் தொகுப்பு வரும் என்று திட்டம் அறிவித்தது. அணிகள் எதிர்த்தன. ஜூனில், 2025-க்கும் 2026-க்கும் விதியில் மாற்றம் இல்லை என்று முடிவு மாறியது. நவம்பரில் மறுபடி, 2025 முதல் ஹைப்ரிட் இல்லை என்றார்கள். கடைசியில் பெட்டியை எடுத்துவிட்டு, காரின் குறைந்தபட்ச எடையை 1,260 கிலோவிலிருந்து 1,180 கிலோவாக்கி, டர்போவின் காற்று வாயை 36 மில்லிமீட்டரிலிருந்து 35-ஆகச் சுருக்கினார்கள். முடிவு நல்ல முடிவு, கார் எளிதானது. ஆனால் ஒன்பது மாதத்தில் மூன்று திசை. அந்த ஒன்பது மாதமும் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே மூன்று திசையிலும் வரைந்திருப்பார்கள்? விதி நிலையாக இருப்பதே ஒரு சிக்கனம். செலவுக் குறைப்புப் பேச்சில் இதற்கு யாரும் கோடு போட்டுக் கணக்கெழுதுவதில்லை.

இப்போது 2027-க்கு வருவோம். மேல்நிலைக் காரின் விலை இன்று பத்து லட்சம் யூரோவை ஒட்டிப் பேசப்படுகிறது. அதை 3,45,000-க்குள் கொண்டுவர வேண்டும். பிரேக், சஸ்பென்ஷன், இழுவை அமைப்பு போன்ற பாகங்கள் ராலி2-ஐ ஒட்டியே இருக்கும்; சக்தி 300 குதிரைத்திறன் அளவில். ஓட்டுநரைச் சுற்றி குழாய்க் கூண்டாலான பாதுகாப்பு அறை. அதன்மேல் எந்த வடிவ உடலை வேண்டுமானாலும் போர்த்தலாம். கார் நிறுவனங்கள் மட்டுமின்றித் தனியார் தயாரிப்பாளர்களும் கார் செய்து பதிவு செய்யலாம். நெடுநாள் உழைக்கும் பாகங்கள், ராலிக்கு வரும் ஆட்களைக் குறைத்தல், சரக்கைக் குறைத்தல் ஆகியவையும் திட்டத்தில் உண்டு.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. உலகச் சாம்பியன்ஷிப் என்றால் பார்த்ததும் மூச்சு நிற்க வேண்டும். 300 குதிரைத்திறன் கார் அதைச் செய்யுமா என்று கேட்கிறார்கள். ராலி2 காரும் மேல்நிலைக் காரும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால், மேலே வர ஒரு நிறுவனம் ஏன் பணம் போட வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. முதல் கேள்விக்கு என் பதில்: ரோட்டோரம் நிற்கிறவனுக்கு ஒரு கார் ஐந்து நொடி வேகமா மெதுவா என்று தெரியாது, எத்தனை கார் வந்தது என்று தெரியும். மேல்நிலையில் பத்துக்கும் குறைவான கார்களோடு ராலி நடந்து, முதல் நாளே இரண்டு மூன்று கார் பள்ளத்தில் போனால் மீதி நாள் காலியாகிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு எனக்கு உறுதியான பதில் இல்லை. அது உண்மையான ஆபத்து.

இன்னொரு பக்கம், 2025-இன் அட்டவணையில் 14 ராலிகள் இருந்தன. மொனாக்கோவில் ஆரம்பித்து கென்யா, பராகுவே, சிலி, ஜப்பான், சவூதி அரேபியா வரைக்கும். காரிலிருந்து சில லட்சம் யூரோவை எடுத்துவிட்டு, அந்தக் காரைக் கப்பலில் ஏற்றி உலகைச் சுற்ற வைத்தால் கிலோமீட்டர் விலை எங்கே குறையும்? 2027 விதியில் நான் நம்பிக்கை வைப்பது 3,45,000 என்ற எண்ணில் இல்லை. நீண்ட நாள் உழைக்கும் பாகங்களும், தனியார் செய்த காரை இன்னொருவர் வாங்கி ஓட்ட முடியும் என்பதும்தான் பலன் தரக்கூடியவை.

இந்தியாவில் இதே விவாதம் சின்ன அளவில் நடக்கிறது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. நடத்தும் தேசிய ராலி சாம்பியன்ஷிப்பில் இன்ஜின் அளவையும் மாற்றங்களையும் பொறுத்து வகுப்புகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் ராலி என்றால் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே செம்மண் பறக்கும். எஸ்டீம், ஜிப்ஸி, சீடியா, போலோ என்று நம் ராலியின் வரலாறே பழைய கார் சந்தையை நம்பி வந்தது. கௌரவ் கில் மாதிரி ஆசிய-பசிபிக் பட்டத்தை 2013, 2016, 2017 என மூன்று முறை வென்றவர்கள் இருந்தும், கீழே இருந்து ஏறி வரும் படிகள் இன்னும் செங்குத்து. குன்னூரிலோ கோத்தகிரியிலோ வண்டி ஓட்டத் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை நிறுத்துவது கார் வாங்கும் காசு மட்டுமில்லை. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. வெளியே புதிதாகத் தெரிந்தாலும் தேதி தாண்டினால் மாற்ற வேண்டும். ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் கருவி, தீப்பிடிக்காத உடை, தீயணைப்பான். அப்புறம் வண்டியை லாரியில் ஏற்றி அருணாசலப் பிரதேசமோ ராஜஸ்தானோ கொண்டுபோகும் வாடகை.

பாதுகாப்புச் சாமானில் சலுகை கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் எதிர்க்கிறேன். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்தபோது, மூடியிருந்த பாதைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்த கணவன், மனைவி, மகன் மூவரும் இறந்தார்கள். பாதையின் ஒவ்வொரு சந்திலும் மார்ஷல், தடுப்பு, சுற்றியுள்ள கிராமங்களில் முன்கூட்டிய அறிவிப்பு — இவையெல்லாம் நடத்துபவருக்குப் பெரிய செலவு. அந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கக் கூடாது.

மலையிலேயே ஒரு ராலி நடத்தினால் போக்குவரத்துச் செலவு மிச்சமாகுமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ஏற்கெனவே நெரிசல் தாங்காத பாதைகள், நடுவில் யானை வழிகள், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். வேக ராலிக்கு இந்தச் சாலைகள் ஏற்றவை இல்லை. குறித்த நேரத்தில், குறித்த சராசரி வேகத்தில் போக வேண்டிய டி.எஸ்.டி. ராலிகளுக்குத்தான் மலை பொருந்தும். அதில் வேகம் குற்றம். முந்தி வந்தாலும் அபராதம், பிந்தி வந்தாலும் அபராதம். சாதாரணக் கார், ஒரு கடிகாரம், கணக்குப் போடத் தெரிந்த கோ-டிரைவர் போதும். நான் கோ-டிரைவராக உட்காரப் பழகியது அப்படித்தான். ஒரு சந்திப்பில் இடதுக்குப் பதில் வலது சொல்லி, கோடநாடு பக்கம் ஒரு எஸ்டேட் ரோட்டில் இருபது நிமிடம் தொலைத்ததை இன்றும் மறக்கவில்லை.

அண்ணனிடம், நீங்கள் விதி எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “ஒரு வகுப்பு போடுங்க. பழைய வண்டி, ஒரே டயர், ராலிக்கு இத்தனைன்னு எண்ணிக் குடுங்க. கியர்பாக்ஸுக்கு சீல் வைங்க. அப்புறம் அஞ்சு வருஷம் அந்த விதிப் புத்தகத்தை யாரும் தொடாதீங்க. அப்படின்னா நான் இந்த வண்டியை வெளிய எடுக்கறேன்” என்றார். அதற்குள் கேரட் லாரிக்காரர் பிரேக் ஆயிலோடு வந்துவிட்டார். அண்ணன் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து எஸ்டீமின் விளக்கை மூடிவிட்டு முன்பக்கம் போனார்.